ஆறாம் பக்கம்

வாளிக்காரரின் சந்துக்குள் புத்தகம் வந்து இறங்கிய அன்று, தண்ணீர் லாரிதான் வந்துவிட்டதென்று எல்லாரும் குடத்தோடு ஓடினார்கள். வந்து நின்றது மழலை வாசிப்பு மேம்பாட்டு மையத்தின் வண்டி. முதலில் ஒரு பதாகை இறங்கியது. பிறகு பதாகையைப் பிடிக்க இரண்டு பேர், அவர்களைப் படம் எடுக்க ஒருவர், கடைசியில் பழைய மெத்தையில் சுற்றிய கண்ணாடி அலமாரி. குடத்தோடு முண்டியடித்துக்கொண்டு நின்றவர்களையும் புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் மையத்தின் ஆண்டு மலரில் ‘அறிவுத் தாகம்’ என்ற தலைப்போடு வந்தது.

வாளிக்காரர் மூன்று சக்கர வண்டியில் பிளாஸ்டிக் வாளியும் குவளையும் தொட்டியும் அடுக்கி, தெருத்தெருவாக விற்கிறவர். ஒரு வாளியை விற்று முடிப்பதற்குள், வாங்குகிறவரின் மாமியாருக்கு முழங்கால் வலி இருப்பது வரை தெரிந்துகொண்டுவிடுவார். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவள். ஒரே அறை. பாதியில் வாளிகள், மீதியில் சட்டைகள், இடைவெளியில் அவர்களுடைய மகள் சுண்டு. பள்ளிக்கூடம் சேர இன்னும் வயது ஆகவில்லை.

அலமாரியைச் சந்து முனையில் இருந்த பொதுக்கூடத்தில் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு மையத்தின் தலைவியம்மா வந்தார். குழந்தைகளைப் பார்த்ததும் சிலருக்குத் தொண்டையில் வேறொரு குரல் முளைக்குமே, அந்தக் குரலில் ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்தார்.

ஒரு குட்டி யானை தன் தும்மலைத் தொலைத்துவிட்டது. மூக்கு அரிக்கிறது, தும்மல் மட்டும் வரவில்லை. அணிலிடம் கேட்டது. தவளையிடம் கேட்டது. ஆற்றைத் தாண்டிப் போய் ஒரு குகைக்குள் நுழைந்தது. குகைக்குள்ளே ஒரு தகரப் பெட்டி தானாக ஆடிக்கொண்டிருந்தது. யானை தும்பிக்கையால் மூடியைத் தூக்கியது. ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரி: உள்ளே பார்த்தால்...

“அருமை,” என்றார் மையத்தின் இயக்குநர். புகைப்படக்காரர் கையை உயர்த்தினார். தலைவியம்மா புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார். கைதட்டல். புத்தகம் அலமாரிக்குள் போனது, அலமாரி பூட்டப்பட்டது, வண்டி கிளம்பிவிட்டது.

வினை அன்று சாயங்காலமே ஆரம்பித்தது.

“அப்பா, பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?”

“தும்மல்தான் இருந்திருக்கும்.”

“தும்மல் இருந்தா பெட்டி ஏன் ஆடுது?”

“அப்ப எலியா இருக்கும்.”

“எலிக்கு எதுக்கு யானையோட தும்மல்?”

எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வந்து மடக்கினாலும் பதில் வைத்திருக்கும் வாளிக்காரர், கையில் கிடைத்த குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி பொத்தான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “ஊரையே பேசி மடக்கறீங்க. இத்தனூண்டு புள்ளைகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கறீங்களே,” என்றாள்.

அவரும் சும்மா இருக்கவில்லை. பாம்பு என்றார், பூதம் என்றார், யானையின் சித்தப்பா என்றார். சுண்டு ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கித் தள்ளிவிட்டாள்.

“இதெல்லாம் நீ செஞ்சது. எனக்கு அது வேணும்.”

போலிச் சரக்கையும் அசல் சரக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளையிடம் கோபித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் சோறு ஊட்டும்போது கேட்டாள், தலை சீவும்போது கேட்டாள், தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதும் கேட்டாள். யானையைப் போல மூக்கைத் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். மாதங்கள் ஓடின. பிள்ளை மறந்துவிடும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். மறக்கவில்லை.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் வாரம் ஒருமுறை வந்து அலமாரியைத் துடைத்துவிட்டுப் போகும் இளம்பெண். சாவி அவள் கழுத்தில் தொங்கும். வாளிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய் நின்றார்.

“டீச்சரம்மா, ஒரு புத்தகம் எடுக்கணும்.”

“எடுத்து?”

“படிக்கத்தான்.”

தீயணைப்பு வண்டியை வீட்டு உபயோகத்துக்கு இரவல் கேட்டவரைப் பார்ப்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள்.

“அண்ணே, இது முதல் கட்டம். முதல் கட்டத்துல பாக்கறது மட்டும்தான். ரெண்டாம் கட்டத்துல தொடலாம். மூணாம் கட்டத்துலதான் திறக்கறது.”

“மூணாம் கட்டம் எப்ப வரும்?”

“முதல் கட்டத்தோட மதிப்பீடு முடியணும்.”

“அதுக்குள்ள என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்போல.”

“அப்ப அவங்க குழந்தைக்குப் பயன்படும். இது நீண்டகாலத் திட்டம் அண்ணே.”

அவள் கேலி செய்யவில்லை. வாளிக்காரர் தன் தொழிலைக் காட்டினார்.

“சரி, புத்தகம் வேணாம். ஆறாம் பக்கத்தை மட்டும் விரிச்சுக் கண்ணாடிக்குப் பின்னாடி வையுங்க. பாக்கறதுதானே, முதல் கட்டத்துக்குள்ளயே வந்துடும்.”

“விரிச்சா திறந்ததா ஆயிடும்.”

“அதுவும் வேணாம். என்ன ஆச்சுன்னு நீங்களே வாயால சொல்லிடுங்க. வாய்க்குக் கட்டம் கிடையாதில்ல?”

அவள் கூடத்தின் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கே தெரியாதுண்ணே. எங்களுக்குப் பயிற்சி அஞ்சாம் பக்கம் வரைக்கும்தான். விழாவுல அதுக்கு மேல நேரம் இருக்காதுன்னு அதோட நிறுத்திட்டாங்க. மிச்சத்தைப் பத்தி ஒரு தடவை கேட்டேன். அளவுக்கு மீறின ஆர்வம்னு என் கோப்புல எழுதிட்டாங்க.”

அடுத்து வந்தது பெற்றோர் பயிற்சி. குழந்தைக்கு எப்படி வாசித்துக் காட்டுவது என்று சொல்லித்தர இயக்குநரே நேரில் வந்தார். புத்தகங்கள் அழுக்காகிவிடும் என்பதால் ஆளுக்கொரு வெற்று அட்டையைக் கையில் கொடுத்தார்கள். இறைச்சி வெட்டுகிறவரும், வீடு பெருக்கப் போகிறவர்களும், காவலாளியும், வாளிக்காரரும் மடியில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு, அட்டையைத் தூக்கிப் பிடித்து, இல்லாத பக்கத்தை இரண்டு விரலால் புரட்டி, இல்லாத படத்தைச் சுட்டிக்காட்டி வியந்தார்கள்.

“வியப்பு போதவில்லை,” என்றார் இயக்குநர். மறுபடி வியந்தார்கள்.

பிறகு அவர் பேசினார்.

“நான் சிறுவயதில் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியவன். கடித்தவன். படத்தில் இருந்த அரசிகளுக்கெல்லாம் மீசை வரைந்தவன். என் தாயார் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. விளைவு? எங்கள் வீட்டில் ஒரு புத்தகம்கூட உருப்படியாக மிஞ்சவில்லை. நான் இயக்குநர் ஆனேன், அது வேறு விஷயம். ஆனால் அந்தப் புத்தகங்களின் கதி? அப்படியொரு நிலைமை உங்கள் குழந்தைகளால் வந்துவிடக் கூடாது. இன்றைக்கு நம் அலமாரியில் எல்லாப் புத்தகமும் அச்சகத்திலிருந்து வந்த கருக்கு அழியாமல் இருக்கிறது. நல நிலை நூறு சதம். மற்ற இடங்களில் புத்தகம் கிழிகிறது. ஏன் என்று விசாரித்தால், குழந்தைகள் எடுக்கிறார்களாம். நிர்வாகம் சரியில்லை.”

கைதட்டல் ஓய்ந்ததும் வாளிக்காரர் பவ்யமாக எழுந்தார்.

“ஐயா, அப்படி ஒருவேளை ஒரு புத்தகம் அடிபட்டுப்போச்சுன்னா?”

“நல்ல அக்கறை. அடிபட்ட நூலுக்கு அலமாரியில் இடமில்லை. சராசரியைக் கெடுத்துவிடும். தகுதியிழந்தது என்று எழுதி, அன்றே பயனாளிகளிடம் தள்ளிவிடுவோம். நம்மிடம் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது.”

வாளிக்காரர் உட்கார்ந்தார். கையில் இருந்த அட்டையை அவர் புரட்டிய விதத்தில், முதல்முறையாக உண்மையான வியப்பு தெரிந்தது. இயக்குநர் அதைக் கவனித்து மற்றவர்களுக்கும் சுட்டிக்காட்டினார்.

அவர் வண்டியில் நல்ல வாளிகளுக்கு அடியில், விளிம்பு நெளிந்த வாளிகள் தனியாக இருக்கும். தண்ணீர் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நிற்கும், விலைதான் வேறு. சில சரக்கு வழியில் தானாக நெளியும். வாங்க வந்தவர் வேண்டியவராகவும் கைவறண்டவராகவும் இருந்தால், நெளிவதற்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்ய வேண்டியிருக்கும். இது சில்லறை வியாபாரத்தில் எல்லாரும் அறிந்த தர்மம்.

வாசிப்பு வாரம் வந்தது. தலைவியம்மா மறுபடி வருவதாகத் தகவல். உபசாரப் பொறுப்பை வாளிக்காரர் வலியப் போய் ஏற்றுக்கொண்டார். முனைத் தேநீர்க் கடைக்காரரிடம் போனார்.

“மாமா, நாளைக்கு நீங்களே கெட்டிலோட வந்துடுங்க. தலைவியம்மாவுக்கு மட்டும் அந்த மெல்லிசு எவர்சில்வர் தம்ளர். விளிம்பு வரைக்கும் ஊத்துங்க.”

“அது சூடு தாங்காதேப்பா. கையில பிடிக்க முடியாது.”

“பெரிய மனுஷி. அரைத் தம்ளர் குடுத்தா நம்ம சந்துக்கே கேவலம்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உன் மூஞ்சியில மரியாதை இவ்வளவு வழிஞ்சு நான் பாத்ததே இல்லையே,” என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

விழாவில் அதே புத்தகம், அதே குரல். ஒருங்கிணைப்பாளர் வாரந்தோறும் சொல்லிக் காட்டியதில் மனப்பாடமாகியிருந்ததால், தலைவியம்மா வாசிக்க வாசிக்கச் சந்துப் பிள்ளைகள் எல்லாரும் கூடவே ஒப்பித்தார்கள். அணில், தவளை, ஆறு, குகை. பெட்டி ஆடியபோது எல்லாரும் ஆடினார்கள். உள்ளே பார்த்தால் என்ற இடம் வந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே நிறுத்திக் கைதட்டினார்கள். கதை அவ்வளவுதான் என்று பாதிப் பேர் நம்பியிருந்தார்கள்.

முன் வரிசையில் இருந்த சுண்டு மட்டும் கைதட்டவில்லை. எழுந்து நின்றாள்.

“உள்ள என்ன இருந்துச்சு?”

தலைவியம்மா குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார்.

“நல்ல கேள்வி. பாருங்கள், இந்தக் கேள்விதான் எங்கள் வெற்றி. பதில் யாரும் தரலாம். கேள்வியை எங்கள் மையம்தான் தந்தது.”

பலத்த கைதட்டல். பதில் கிடைக்காத சுண்டுவுக்கும் ஒரு பலூன் கிடைத்தது.

அந்த நேரத்தில் தேநீர் வந்தது. தலைவியம்மா தம்ளரைப் பிடித்தார். சுட்டது. படம் எடுத்துக்கொண்டிருந்ததால் சிரிப்பை மாற்றாமல், பக்கத்து மேசையில் வைத்தார். மேசையில் ஏற்கெனவே புத்தகம் இருந்தது.

“அம்மா, இன்னும் கொஞ்சம் பிள்ளைங்க பக்கம் வாங்க,” என்றார் புகைப்படக்காரர்.

அவர் நகர்ந்தார். தோளில் கிடந்த நீண்ட மேலாடையும் கூடவே நகர்ந்தது. தம்ளரும் நகர்ந்தது. வாளிக்காரர் அப்போது கூடத்தின் மறுகோடியில் ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குச் சாட்சிகள் நிறையப் பேர்.

யானை, குகை, பெட்டி எல்லாவற்றின் மேலும் தேநீர் பரவியது.

“நானா?” என்றார் தலைவியம்மா.

“இல்லை அம்மா, மேசை,” என்றார் இயக்குநர். அறிக்கையிலும் மேசை என்றுதான் எழுதினார்கள். அந்த மேசையைப் பிறகு அலுவலகத்துக்கு இடம் மாற்றிவிட்டார்கள்.

சேதம் ஆராயும் குழு அங்கேயே கூடியது. ஒருவர் புத்தகத்தை முகர்ந்தார். ஒருவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கறை அழியும் தன்மையுள்ளதா என்று தேநீர்க் கடைக்காரரைக் கேட்டார்கள். அவர், “என் டீக்கறை போனதா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லைங்க,” என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். தகுதியிழப்பு அறிவிக்கப்பட்டது. ஒரு கணம் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

“இதை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?” என்றார் இயக்குநர்.

முகத்தில் ஆசை தெரிந்தால் சரக்கு கைமாறாது என்பது வாளிக்காரருக்கு ரத்தத்தில் ஊறியது. கூரையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“ஈரப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு நாங்க என்னங்க பண்றது? வீட்ல காய வைக்கவும் இடம் இல்ல. சரி, ஐயா இவ்வளவு தூரம் கேக்கறீங்க. குடுங்க.”

திரும்பக் கொண்டுவர மாட்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சட்டைகளை ஒதுக்கினாள். அவர் வாளிகளை ஒதுக்கினார். மூவரும் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள். சர்க்கரை தூக்கலான தேநீர். ஐந்தாம் பக்கத்துக்கு அப்புறம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. சுண்டுவின் முகம் சுருங்கத் தொடங்கியது.

“பிச்சுடாதீங்க,” என்றாள் மனைவி. அவரைத் தள்ளிவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து ஆவியில் புத்தகத்தைக் காட்டினாள். தையல் ஊசியை இடையில் விட்டு, பொத்தான் பிரிக்கிற பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினாள். யானையின் ஒரு காது எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. எழுத்து அப்படியே இருந்தது. பாதியில் பள்ளியை விட்டவள் அவள். எழுத்துக் கூட்டி, ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கி, அடுத்த வரிக்குப் போனாள்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது தெரிந்துவிட்டது. அதை இங்கே சொல்வது முறையாகாது. சரக்கு சுண்டுவினுடையது.

சுண்டு கால் இரண்டையும் தரையில் உதைத்து உதைத்துச் சிரித்தாள். “நான் அப்பவே நெனச்சேன்,” என்றாள். அவள் நினைத்திருக்கவே இல்லை. வாளிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, நெளிந்த வாளி ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தார். அன்று அவள் சோற்றைத் தானே சாப்பிட்டாள், புத்தகத்தை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கினாள். மூக்கைத் தேய்க்கவில்லை.

மறுநாள் காலையில் மையத்தின் தலைமை அலுவலகத்துக்கு, மூன்றாம் கட்டத்துக்குப் பணம் தரப்போகும் நன்கொடையாளர் வந்திருந்தார். தலைவியம்மா அவருக்கும் ஐந்து பக்கம் வாசித்துக் காட்டினார். மனிதர் கைதட்டாமல் காத்திருந்தார்.

“கடைசியில் பெட்டிக்குள் என்ன?” என்றார்.

“நம்பிக்கை,” என்றார் தலைவியம்மா.

“இல்லை, கதையில்.”

இயக்குநர் இருமினார். “அதுதான் மூன்றாம் கட்டத்தின் மையக் கரு,” என்றார். நன்கொடையாளர் சிரித்தார். மதிய உணவு முடிந்து வந்ததும் அந்த மையக் கருவைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

தலைவியம்மாவின் கையில் இருந்தது விருந்தினர்களுக்கு வாசித்துக் காட்டவென்று தனியாக அச்சடித்த ஐந்து பக்கப் பிரதி. கிடங்கில் முழுப் பிரதிகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஆனால் எல்லாம் உறை பிரிக்காதவை. பிரிக்கக் குழுவின் தீர்மானம் வேண்டும். குழுவில் பாதிப் பேர் வாசிப்பு ஊர்வலத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். அச்சகத்தைத் தொலைபேசியில் கேட்டார்கள். அங்கே எல்லாரும் அச்சிட்டிருந்தார்கள், யாரும் படித்திருக்கவில்லை. எழுதியவரைத் தேடலாம் என்றால், அட்டையில் தலைவியம்மாவின் பெயர்தான் இருந்தது.

உச்சி வெயிலில் மையத்தின் கார் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. இயக்குநரும் தலைவியம்மாவும் ஒருங்கிணைப்பாளரும் வாளிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து வந்தார்கள். சுண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் அவளுக்கு அடியில் இருந்தது.

“அந்தத் தகுதியிழந்த நூலை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்,” என்றார் இயக்குநர்.

“திரும்பக் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே கையெழுத்து வாங்கினீங்க,” என்றார் வாளிக்காரர்.

“அப்படியானால் பெட்டிக்குள் என்ன என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.”

“அது என் சரக்கு இல்லைங்க. முதலாளி அங்க உக்காந்திருக்காங்க. அவங்ககிட்டயே பேசிக்குங்க.”

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்தார். அவருக்கும் தொண்டையில் அந்தக் குரல் முளைத்தது.

“பாப்பா, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?”

“நல்ல கேள்வி,” என்றாள் சுண்டு.

ஒருங்கிணைப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாமாவுக்குச் சொல்லு கண்ணு. மிட்டாய் வாங்கித் தரேன்.”

“அலமாரியில முதலைப் புத்தகம் ஒண்ணு இருக்கு. அது வேணும்.”

“பார்க்கலாம்.”

“பாத்தாச்சு. வந்த நாள்லேருந்து பாத்துட்டேதான் இருக்கோம்.”

இயக்குநர் தலைவியம்மாவைப் பார்த்தார். தலைவியம்மா கண்ணாலேயே சம்மதித்தார். “சரி, முதலை உனக்குத்தான். இப்பச் சொல்லு.”

சுண்டு யோசித்தாள். “முதலை மட்டும் போதாது. எல்லாம் வேணும். எங்க சந்துல எல்லாருக்கும். சாவி குடு.”

“ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு,” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. வாளிக்காரர் அவளைக் கையமர்த்தினார். பேரம் நடக்கும்போது குறுக்கே பேசுவது அழகில்லை.

“சாவியா? அதெல்லாம் நடக்காதும்மா. மூன்று கட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது, நல நிலை ஏற்கெனவே குறைந்து போய்க் கிடக்கிறது. ஒரு புத்தகம். அதுவும் உட்கார்ந்து பார்த்துவிட்டு...”

சுண்டு எழுந்தாள். அடியில் இருந்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சந்து முனையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

“என்ன, போகிறாளே,” என்றார் தலைவியம்மா. இயக்குநர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளரின் கை, யாரும் சொல்லாமலே, கழுத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

வாளிக்காரர் யாரையும் பார்க்கவில்லை. மகளின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஓடவும் இல்லை. கூப்பிடுகிறவர்களுக்குத் தோதாக, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.